இணையத்தில் கிடக்கிற இலக்கியத்துக்கு எதற்கு விமான டிக்கெட்?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 18

"ஆய்வேட்டை ஒப்படைத்தாயிற்று, வாய்மொழித் தேர்வு பாக்கி. தலைப்பு மின்னிலக்கியம். இளம் ஆய்வாளர்களுக்கான வருகை நல்கை (விசிட்டிங் ஃபெல்லோஷிப்) எதற்காவது விண்ணப்பி என்கிறார் நெறியாளர். நார்வேயின் பெர்கன் மனதில் இருக்கிறது. அப்பாவோ, 'கம்ப்யூட்டர்ல இருக்கிறதப் படிக்க நார்வேக்கு எதுக்குடா போகணும், இங்கதான் வைஃபை இருக்கே' என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

ஜனவரி 18, இரவு

நான் போய் வந்தவன். ஒரு இலையுதிர் காலம் பெர்கனில் இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கோடை அமெரிக்காவில். அப்பா கேட்டதைத்தான் தேர்வுக் குழுவும் கேட்கும், கொஞ்சம் மரியாதையான வார்த்தையில் கேட்கும். அதனால் அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓசியில் ஒத்திகை கிடைக்கிறது.

அவருக்குச் சொல்ல ஒரு வரி: இணையத்தில் இருக்கிறது என்று நாம் நம்புகிற பலதும் இப்போது ஓடுவதே இல்லை. மீதி நாளைக்கு எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

ஜனவரி 19

முதலில், இங்கே மின்னூலைப் பற்றிப் பேசவில்லை. பொன்னியின் செல்வனை பிடிஎஃப்பில் படித்தால் அது மின்னிலக்கியம் ஆகிவிடாது. கணினி இல்லாமல் இருக்கவே முடியாத எழுத்து: சொடுக்கினால் கிளை பிரிகிற கதை, தானாக வரி கோக்கிற கவிதை, அசைகிற எழுத்து, வாசகர் தட்டச்சு செய்தால் பதில் சொல்கிற புனைவு. இப்படிப்பட்ட எழுத்து அதை ஓட்டும் மென்பொருளோடு சேர்ந்தே சாகும்.

எப்படிச் செத்தது என்று பாருங்கள். ஃபிளாஷ் பிளேயருக்கு அடோபி தந்த ஆதரவு 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் கோப்பு ஓடாமல் தடுத்தே விட்டார்கள். 2000களில் எழுதப்பட்ட அசையும் கவிதைகளில் பெரும்பங்கு ஃபிளாஷில் செய்தவை. ஆப்பிள் பக்கம் இன்னும் மோசம். அட்டை அட்டையாக எழுதி இணைக்கிற ஹைப்பர்கார்டு மென்பொருள் 1987இல் வந்தது, 2004இல் விற்பனையை நிறுத்தினார்கள். பழைய மேக் மென்பொருளை ஓட்டுகிற 'கிளாசிக்' வசதி 2007இல் வந்த லெபர்ட் என்ற மேக் இயங்குதளத்தில் இல்லை. 2011இல் அடுத்த பதிப்புகளில் ஒன்றான லயன் வந்தபோது, பழைய சில்லுக்கு எழுதிய மென்பொருளை ஓட்டித் தந்த ரொசெட்டா போயிற்று. 2019இல் கேட்டலினா வந்து 32 பிட் மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கைவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு அலமாரி நிறைய இலக்கியம் படிக்க முடியாததாகப் போனது. தீப்பிடிக்கவில்லை, செல்லரிக்கவில்லை, 'அப்டேட்' பொத்தானை அழுத்தினோம், அவ்வளவுதான்.

ஜனவரி 19, மாலை

ஒருவர் கேட்கிறார்: பழைய இயந்திரம் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர் மென்பொருள் இருக்கிறதே, ஃபிளாஷுக்கென்றே ரஃபிள் என்ற எமுலேட்டர் இருக்கிறதே, வீட்டிலிருந்தே பார்க்கலாமே?

பார்க்கலாம், நானும் தினம் பார்க்கிறேன். ரஃபிள் பழைய ஃபிளாஷ் கோப்புகளை நன்றாகவே ஓட்டுகிறது. புதிய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3இல் எழுதியவற்றில்தான் அதிகம் திணறும். ஆனால் ஓடுகிறது என்பதை வைத்து அப்போது எப்படி ஓடியதோ அப்படியே ஓடுகிறது என்று எழுதிவிட முடியாது. அந்த இடைவெளியை எழுதுவதுதான் ஆய்வு. அதற்குப் பக்கத்தில் அசல் இயந்திரம் வேண்டும்.

ஜனவரி 20

உதாரணம் கேட்டார்கள். மைக்கேல் ஜாய்ஸின் 'ஆஃப்டர்நூன்'. மீயுரைப் புனைவு (ஹைப்பர்டெக்ஸ்ட், அதாவது இணைப்பைத் தட்டித் தாவித் தாவிப் படிக்கிற கதை) என்றாலே எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள்; நமக்கும் பாடத்தில் இருந்தது, ஆனால் நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? நான் எம்.ஃபில். முடிக்கிற வரை அதைப் பற்றிய கட்டுரைகளை மட்டுமே படித்திருந்தேன். 1987இல் ஒரு மாநாட்டில் காட்டினார், 1990இல் ஈஸ்ட்கேட் நிறுவனம் வட்டில் விற்றது. ஸ்டோரிஸ்பேஸ் என்ற மென்பொருளில் எழுதியது; அந்த மென்பொருளை உருவாக்கியவர்களில் ஜாய்ஸும் ஒருவர்.

அதில் இணைப்புள்ள சொல்லுக்கு அடிக்கோடு கிடையாது, நீல நிறம் கிடையாது. எந்தச் சொல் திறக்கும் என்று தெரியாமலே தொட்டுப் பார்க்க வேண்டும். சும்மா ரிட்டர்ன் தட்டினாலும் நகரும். சில இணைப்புகள் நீங்கள் குறிப்பிட்ட திரைகளுக்குப் போய்வந்த பிறகுதான் திறக்கும். அதாவது கதை நீங்கள் வந்த வழியை நினைவில் வைத்திருக்கிறது.

இதைப் பழைய மேக்கில் படிக்கும்போது, தட்டினதும் திரை மாறாது. உள்ளே வட்டு கரகரவென்று ஒரு சத்தம், பிறகுதான் அடுத்த பத்தி. அந்த நேரத்தில் நீங்கள் தேர்ந்தது சரியா என்று ஒரு சின்னச் சந்தேகம் வரும். எமுலேட்டரில் அந்தச் சந்தேகத்துக்கு நேரமே இல்லை, கண் சிமிட்டுவதற்குள் அடுத்த திரை. மூன்று முறை தட்டி, நான்காவது திரைக்குப் போய், எங்கே இருந்து வந்தோம் என்பதே மறந்துபோகும். கட்டுரைகளில் 'வாசகர் தயங்குகிறார்' என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தயக்கத்தில் ஒரு பங்கு ஜாய்ஸுடையது, ஒரு பங்கு வட்டு இயக்கியுடையது. நான் அமெரிக்கா போய் வந்ததில் உருப்படியாகக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான் என்று என் மனைவியிடம் சொன்னேன். "டிக்கெட் காசுக்கு ஒரு வாக்கியமா?" என்றாள்.

ஜனவரி 23

அமெரிக்காவில் எங்கே என்று கேட்டவருக்கு: வான்கூவர். உடனே கனடா டிக்கெட் போடாதீர்கள். இது வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர், போர்ட்லாந்துக்கு கொலம்பியா ஆற்றின் எதிர்க்கரை. இந்த ஊர்க் குழப்பத்தில் மாட்டாத வெளிநாட்டவர் குறைவு என்று அங்கே பேச்சு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் டீன் கிரிகர் (டீன் என்பது பெயர், பதவி இல்லை) நிறுவிய மின்னிலக்கிய ஆய்வகம் இருக்கிறது. பழைய மேக்குகள் ஓடுகிற நிலையில் வரிசையாக நிற்கும். 2013இல் அவரும் மீயுரை எழுத்தாளர் ஸ்டூவர்ட் மௌல்த்ராப்பும் 'பாத்ஃபைண்டர்ஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள்: எழுத்தாளரையே அசல் இயந்திரத்தின் முன் உட்காரவைத்து, தன் படைப்பைப் படிக்கச் சொல்லி, படிப்பதையும் விரல் நகர்வதையும் பேசுவதையும் பதிவுசெய்வது. ஜூடி மல்லாய் 1986இல் தொடங்கிய 'அங்கிள் ராஜர்' அதில் ஒன்று. பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஒன்றாவது பாருங்கள்.

ஜனவரி 26

விடுமுறை. கொடியேற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும்.

பெர்கன்தான் வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? பெயர் பெரியது என்பதாலா? உங்கள் ஆய்வுப் பொருள் எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊருக்குத்தான் விண்ணப்பம் போக வேண்டும். ஜாய்ஸின் தாள்களும் வட்டுகளும் டெக்சஸ் ஆஸ்டினில், ஹாரி ரான்சம் மையத்தில். ஜூடி மல்லாயின் தாள்கள் டியூக் பல்கலைக்கழகத்தில். இன்னொரு மீயுரை எழுத்தாளர் டீனா லார்சன் தன் பழைய மேக்குகள், வட்டுகள், குறிப்புகள் எல்லாவற்றையும் 2007இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் மித் (MITH) ஆய்வு மையத்துக்குக் கொடுத்தார். இவர்களில் ஒருவரைப் பற்றி ஆராய்கிறவர் பெர்கனுக்குப் போனால் நல்ல காபி குடித்துவிட்டு வரலாம்.

பெர்கனில் இருப்பது வேறு சரக்கு. ஒன்று, எல்ம்சிப் என்கிற அறிவுத்தளம். 2010 முதல் 2013 வரை ஐரோப்பிய ஹ்யூமானிட்டீஸ் நிதியில் நடந்த ஒரு கூட்டுத் திட்டத்தில் பிறந்தது, இன்றும் வளர்கிறது. ஒரு படைப்பின் பக்கத்துக்குப் போனால் அதை எழுதியவர், அதைப் பற்றிய கட்டுரைகள், காட்டப்பட்ட மாநாடுகள், பாடத்திட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்திருக்கும். இரண்டு, ஆட்கள். ஸ்காட் ரெட்பர்க் 1999இல் சிகாகோவில் மின்னிலக்கிய அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ராபர்ட் கூவரும் ஜெஃப் பாலோவும் மற்ற இருவர். ஜில் வாக்கர் ரெட்பர்க் வலைப்பதிவுகள், செல்ஃபி, இயந்திரப் பார்வை என்று எழுதுகிறவர். இருவரும் சேர்ந்து நடத்துகிற டிஜிட்டல் கதையாடல் மையத்துக்கு நார்வே ஆராய்ச்சிக் கழகம் 2023இலிருந்து பத்தாண்டுக்கு உயராய்வு மைய நிதி கொடுத்திருக்கிறது. விளையாட்டு, சமூக ஊடகக் கதைகள், செயற்கை நுண்ணறிவு எழுதும் கதைகள் வரைக்கும் அவர்கள் வலை விரிகிறது. உங்கள் ஆய்வேடு 1990களின் மீயுரை என்றால் அங்கே நீங்கள் பெரியப்பா மாதிரி இருப்பீர்கள். அதுவும் நல்லதுதான்.

எல்ம்சிப்பில் ஏற்கனவே இருக்கிற ஏதாவது ஒரு பதிவில் என்ன குறை என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். "இன்ன படைப்புக்குப் பதிவு இல்லை, நான் எழுதுகிறேன்" என்று சொல்கிற விருந்தாளியை யாருக்குத்தான் பிடிக்காது.

ஜனவரி 26, மாலை

சாப்பாடு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், ஆராய்ச்சி பற்றி ஒருவர். நம் ஆட்கள்.

மதிய உணவு பதினொன்றரைக்கு. ஆமாம், பதினொன்றரை. ரொட்டித் துண்டு, மேலே சீஸ். கடையில் வாங்கினால் கை சுடும். எல்லாரும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவார்கள், நாமும் கொண்டுபோகலாம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். பெர்கனில் ஈழத் தமிழர் கணிசமாக இருக்கிறார்கள், அரிசி பருப்பு மிளகாய்த்தூளுக்குக் கவலை இல்லை. மழைக்குத்தான் கவலைப்பட வேண்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர், குடை நிற்காத காற்று. நல்ல மழைக்கோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், புத்தகம் அப்புறம் வாங்கலாம். ஹ்யூமானிட்டீஸ் புலம் சிட்னஸ் குன்றின் மேல் இருக்கிறது. வழுக்காத செருப்பும் வேண்டும்.

பிப்ரவரி 2

நான் அங்கே என்ன செய்தேன் என்று கேட்டிருந்தார் ஒருவர்.

தமிழ். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முன்னால் தமிழ் இணையத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறவர்கள் கை தூக்குங்கள். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பில் தமிழ் எழுத்து வலையில் ஏறியது. 1998 பொங்கலுக்கு, தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றுகிற மதுரைத் திட்டம். 1999இல் சென்னை தமிழ்நெட் மாநாட்டில் தாம், தாப் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகள். இன்னொரு பக்கம் டிஸ்கி என்று மற்றொரு முறை. இவை போக ஆளாளுக்குச் சொந்த எழுத்துரு. படிக்கிறவர் எழுத்துருவை இறக்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தோடு தானே இறங்குகிற எழுத்துரு. அந்தக் காலத்தில் சிலர், இலவசமாக இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸில் இணைப்பு இணைப்பாகக் கதை எழுதியிருக்கிறார்கள். 2009 அக்டோபரில் யாகூ ஜியோசிட்டீஸை மூடியது.

அப்படி ஒரு கதையை வலைக் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். (எழுதியவர் பெயர் சொல்லவில்லை, இருக்கிறார், இதைப் பற்றிப் பேச அவரிடம் அனுமதி கேட்கவில்லை.) டிஸ்கியில் இருந்திருந்தால் குறியீடு மாற்றுகிற மென்பொருளில் போட்டுப் படித்துவிடலாம். இது சொந்த எழுத்துரு, அந்த எழுத்துருக் கோப்பு மட்டும் காப்பகத்தில் இல்லை. திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகளின் தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த குப்பை. ஒரு வரி படிக்க முடியாது.

கருத்தரங்கில் இதைத் திரையில் போட்டு, 'பாருங்கள், தொலைந்துபோனது' என்று சோகமாகப் பேசத்தான் தயாராகப் போயிருந்தேன். மேசையின் ஓரத்தில் இருந்த ஒரு முனைவர் பட்ட மாணவி, தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவள், "பக்கத்தின் மூலநிரலைக் காட்டுங்கள்" என்றாள். காட்டினேன். கதை குப்பையாக இருந்தது. கோப்புப் பெயர்கள் ரோமன் எழுத்தில் பத்திரமாக இருந்தன. கதவு1, கதவு2, மழை, மழைமறுபடி, அம்மாகடிதம், திரும்பு. எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்புக்கு வழி என்று அங்கேயே வெள்ளைப் பலகையில் வரைந்தோம். 'அம்மாகடிதம்' என்ற கோப்புக்குள் போக இரண்டு வழி. அங்கிருந்து வெளியே வர ஒரு வழி, அது 'கதவு1'. எந்தப் பக்கமாகப் போனாலும் கடிதத்தைப் படித்தவரைக் கதை மறுபடி வாசலுக்கே அனுப்புகிறது. ஒரு சொல் படிக்காமல் கதையின் எலும்பைப் பார்த்துவிட்டோம்.

இதை நான் ஊரில் என் மேசையில் கண்டுபிடித்திருக்கலாம். மூலநிரல் பார்க்க நார்வே தேவையில்லை. ஆனால் தமிழ் தெரிந்த நான் எழுத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன், தமிழ் தெரியாதவள் கட்டுமானத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிப்ரவரி 3

"அப்பாவுக்குச் சொன்னேன், 'அப்ப அந்தப் பொண்ண இங்க வரச் சொல்லலாமே' என்கிறார்." அப்பாவை நல்கைக் குழுவில் போடலாம்.

பிப்ரவரி 11

விடுப்பு பற்றி. வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்.

விசாவைவிடப் பெரிய தடை உங்கள் சொந்தக் கல்லூரியின் தடையின்மைச் சான்று. எங்கள் அலுவலகத்தில் என் கோப்பு ஒரு மேசையில் ரொம்ப நாள் தூங்கியது. விசாரித்தால், "எலக்ட்ரானிக்னு போட்டிருக்கே சார், எலக்ட்ரானிக்ஸ் துறைத்தலைவர் கையெழுத்து வேணாமா?" சிரிக்காதீர்கள், வாங்கிக் கொடுத்தேன். அவரும் படித்துப் பார்த்துவிட்டு, "நல்ல டாபிக்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பணிவிடுப்பாகக் கேளுங்கள், சம்பளமில்லா விடுப்புக்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள். அழைப்புக் கடிதத்தில் 'வருகை ஆய்வாளர்' என்ற பதவியும் தேதிகளும் இருந்தால்தான் பேச முடியும். திரும்பி வந்த பிறகு, நீங்கள் எழுதிய அறிவுத்தளப் பதிவுகளுக்குப் பதவி உயர்வுப் படிவத்தில் கட்டம் கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். கட்டுரை ஒன்றாவது வெளியிடுங்கள்.

மார்ச் 3

மேலே எழுதினதை எல்லாம் ஒரே மூச்சில் படித்தேன். போ, போ என்று விரட்டுகிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன்.

வருகை நல்கை வேலை இல்லை. முதுமுனைவர் (போஸ்ட்டாக்) பணி வேறு. அதில் சம்பளம், ஒப்பந்தம், ஓரிரு ஆண்டு. இதில் சில வாரமோ சில மாதமோ ஒரு மேசை, ஒரு சாவி, ஒரு செலவுப்படி, ஒரு சொற்பொழிவு. முடிந்ததும் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறீர்கள். வேலை இல்லாமல் போனவர் வேலை இல்லாமல்தான் திரும்புவார். அங்கே எல்லாரும் கைகுலுக்கிப் பேசுவார்கள், அதை அடுத்த வேலைக்கான வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு மனம் உடைந்தவரை எனக்குத் தெரியும். முதல் மாத வாடகையும் முன்பணமும் பெரும்பாலும் படி வருவதற்கு முன்பே கேட்பார்கள். கையில் காசில்லாதவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. குழந்தையோ வயதான பெற்றோரோ பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மூன்று மாதம் என்பது எளிதும் இல்லை, அதிலும் பெண்களுக்கு. இதைப் பற்றி அறிவிப்புகளில் ஒரு வரி இருக்காது.

போக முடியாதவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. மின்னிலக்கியத் தொகுப்பின் நான்கு தொகுதிகளும் இலவசமாகத் திறந்திருக்கின்றன: 2006, 2011, 2016, 2022. நான்காவதில் 31 மொழிகளில் 132 படைப்புகள். இந்தூர் ஐஐடியிலிருந்து 2024இல் இந்திய மின்னிலக்கியத் தொகுப்பின் முதல் தொகுதி வந்திருக்கிறது; அதைப் பற்றி விமர்சனமாக யாராவது எழுதினால் நன்றாக இருக்கும், பாராட்டு மட்டும் போதாது.

மார்ச் 4

"அப்படியானால் போகலாமா வேண்டாமா?" போகலாம். கைக்குள் அடங்குகிற ஒரு கேள்வியோடு.

மார்ச் 22

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கை விசா பற்றிக் கேட்டிருக்கிறா. தொண்ணூறு நாளுக்குள் என்றால் ஷெங்கன் விசா: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. கருத்தரங்குக்காக முன்பே ஐரோப்பா போயிருந்தால் அந்த நாட்களும் கணக்கில் வரும், இதில் சிக்குகிறவர்கள் உண்டு. அதற்கு மேல் என்றால் குடியிருப்பு அனுமதி, அது தனிப் பாதை, தனிக் காத்திருப்பு. கொழும்பிலிருந்த நார்வே தூதரகத்தை 2023இல் மூடிவிட்டார்கள், டெல்லித் தூதரகம்தான் இலங்கைக்கும் பொறுப்பு. ஆகவே அழைப்புக் கடிதத்தை ஒரு மாதம் முன்கூட்டியே கேளுங்கோ. ஈழத்து நூல்களை இணையத்தில் சேமிக்கிற 'நூலகம்' நிறுவனத்தின் மின்வருடல் வேலையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறீங்கள். அதை விண்ணப்பத்தின் கடைசியில் ஒளித்து வைக்காமல் முதல் பத்தியில் எழுதுங்கோ.

மே 10

கேள்வி கேட்ட தம்பி தன் திட்டவரைவை அனுப்பியிருந்தார். வாய்மொழித் தேர்வும் முடிந்துவிட்டதாம், வாழ்த்து.

தம்பி, முதல் பக்கம் முழுக்கக் கோட்பாடு. டெரிடா வருகிறார், டெல்யூஸ் வருகிறார், படைப்பு வரவே இல்லை. படிக்கிறவர்கள் அதை உங்களைவிட அதிகம் படித்தவர்கள். வெட்டுங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: நீங்கள் ஆராய்ந்த ஃபிளாஷ் கவிதை ரஃபிளில் ஓடும்போது ஒலி முந்திக்கொண்டு எழுத்து பின்தங்குகிறது என்று. அது ரஃபிளின் பிழையா, எழுதியவர் வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் திட்டம். அதை முதல் வரியாக்குங்கள். கவிஞரிடம் மின்னஞ்சலில் கேட்டீர்களா? கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் 'பதில் இல்லை' என்றும் எழுதுங்கள். யார் உதவி தேவை, எந்த இயந்திரம் தேவை, எத்தனை வாரம், கடைசியில் என்ன கொடுத்துவிட்டுப் போவீர்கள்: இவ்வளவு போதும். இரண்டு பக்கத்தில் முடியும்.

விருந்தோம்பும் பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தில் "மதிப்பிற்குரிய பெருந்தகையீர்" தொனி வேண்டாம். அவர்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் வாரம் நமக்கு நாக்கு வராது, பிறகு பழகிவிடும்.

மே 11

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்கலாம் என்கிறார். துறைத்தலைவரிடம் வேண்டாம். உங்கள் ஆய்வேட்டைப் படித்தவரிடம்.

ஜூன் 1

வரி பற்றிக் கேட்ட அன்பருக்கு மட்டும். நல்கை படியாக வருகிறதா, சம்பளமாக வருகிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். நார்வேயில் சம்பளமாக வந்தால், புதிதாக வரும் வெளிநாட்டுப் பணியாளருக்கான 25 சதவீத ஒரே விகித வரித் திட்டம் ஒன்று உண்டு. வரி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் அடையாள எண் வாங்க வேண்டும், முன்பதிவு தேவை. போய் இறங்குவதற்கு முன்பே நேரம் பிடித்துவிடுங்கள். எண் இல்லாமல் சம்பளம் வாங்குவது பெரும்பாடு.